வாளியில் அள்ள முடியாத டீசல்

ஏப்ரல் 15 வந்தால் அப்பாவுக்கு வருமானம் நின்றுபோகும், எனக்கு லீவு தொடங்கும். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிக்கூடத்து முழு ஆண்டு விடுமுறையும் அப்படி ஒட்டி ஒட்டியே வரும். 2001-ல் தடை வந்தபோது 45 நாள். 2017-லிருந்து 61 நாள், ஜூன் 14 வரை. மண்டபத்தில் விசைப்படகு டிரைவராக இருந்தவரின் மகனுக்கு அந்த லீவில் தாத்தா பாட்டி ஊர் என்று ஒன்றும் கிடையாது. இன்ஜின் ரூம்தான்.

எங்கள் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும் கடலுக்குப் போகும். மற்ற நாட்களில் வேலை செய்யலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். செய்வார்கள்தான். ஆனால் அது கிழிந்த சட்டைக்கு ஊசி போடுகிற மாதிரி. இன்ஜினைப் பிரித்துப் போட்டு, பைப் பைப்பாகக் கழற்றி, ஃபில்டர் மாற்றி, ஆயில் மாற்றி, டேங்கின் அடியில் படிந்த மண்டியைக் கழுவி எடுக்கிற பெரிய வேலையெல்லாம் தடைக்காலத்துக்குத்தான். சில படகுகளைக் கரையேற்றி, கலப்பத்து அடித்து (பலகை இடுக்குகளை அடைத்து), பெயின்ட் பூசுவார்கள். மற்றவை ஜெட்டியை ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் ஸ்பேனரோடு உள்ளே குனிந்திருப்பார்.

அந்த நாட்களில் ஜெட்டியோரத் தண்ணீரைப் பார்த்தால் வானவில் கரைந்து கிடக்கிற மாதிரி இருக்கும். பச்சை, ஊதா, செம்பு நிறம். சின்ன வயதில் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. கல்லை விட்டெறிந்தால் வளையம் வளையமாகக் கிழிந்து, திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

அந்த நிறத்தின் கணக்கு பின்னால்தான் தெரிய வந்தது. வானவில் தெரிகிற அளவு எண்ணெய்ப் படலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். ஒரு லிட்டர் டீசலை அந்தத் தடிமனுக்குப் பரப்பினால் ஆயிரம் சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 25 சென்ட். ஒரு டீ கிளாஸ் டீசல் இரண்டரை சென்ட், ஒரு சின்ன வீட்டு மனை. ஒரே ஒரு சொட்டு, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நிற்கும். வெள்ளி மாதிரி மினுங்குகிற படலம் இதைவிட மெல்லியது, அதற்கு இன்னும் குறைவான எண்ணெயே போதும்.

மீன் முட்டையிடட்டும், குஞ்சு பிழைக்கட்டும் என்றுதான் இரண்டு மாதம் கடலுக்குப் போகாமல் நிற்கிறோம். பல ஜாதி மீன்களின் முட்டைகள் மேல்தண்ணீரில் மிதப்பவை. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்குகிற இடம் கரையோரத்துக் கடற்புல். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல், அந்தப் புல்லை மேய்கிற ஆவுளியா என்கிற கடல்பசுவுக்காகக் காப்பகம் என்று அறிவித்ததற்கும் அந்தப் புல்தான் காரணம். சரி, அதே இரண்டு மாதத்தில், அதே கரையோரத்தில், வருஷத்திலேயே அதிகமாக டீசலைச் சிந்துகிறவர்கள் யார்? நாங்கள்தான். கடலுக்குப் போகாமல் காப்பாற்றியதைக் கட்டின இடத்திலிருந்தே கெடுத்துக்கொண்டிருந்தோம். இதை வேறு யார் வாயிலிருந்தும் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதனால் நானே சொல்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஃபிட்டர் மாமா. சொந்த மாமா இல்லை, ஜெட்டியில் எல்லோருக்கும் அவர் மாமாதான். லாரியில் ஓடுகிற ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கடலுக்குத் தோதாக மாற்றிப் பூட்டியிருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே அதைப் பிரித்து மாட்டுவார். ஆனால் ஃபில்டரில் கை வைப்பதற்கு முன்னால் மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார்.

"டேய், முதல்ல டேங்க் காக்கை மூடு. மூடினியா? போய்த் திரும்பப் பாரு."

காக் என்றால் டேங்கிலிருந்து டீசல் வருவதை அடைக்கிற வால்வு. அது மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஃபில்டரைக் கழற்றினால், டேங்க் மேலே இருப்பதால் டீசல் நிற்காமல் வரும். கைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு "காக்கை மூடு, காக்கை மூடு" என்று கத்துகிற காட்சியை நான் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கேன். 35 லிட்டர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை அறுத்தெடுத்தால் நல்ல தட்டு கிடைக்கும். அதை ஃபில்டருக்கு நேர் கீழே வைப்பார். அது போதாது என்று, ஃபில்டரைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அதன் மேல் ஒரு கெட்டியான கேரி பையைக் காலுறை மாதிரி ஏற்றிவிட்டு, பையோடு சேர்த்துப் பிடித்துத்தான் மீதிச் சுற்றைக் கழற்றுவார். உள்ளே இருக்கிற டீசல் முழுக்கப் பைக்குள். பையைச் சுற்றிப் பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பனியன் வெட்டியதில் மிஞ்சுகிற துணிதான் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டுகளின் தேசியக் கொடி.

"மாமா, ரெண்டு சொட்டுதான? இதுக்குப் போயி..."

"ரெண்டு சொட்டு உன் சோத்துல விழுந்தா திம்பியா?"

சொட்டுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் இருக்கிற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார், கணக்கும் அதையே சொல்கிறது.

புது ஃபில்டரை மாட்டும்போது அதில் நல்ல டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது உண்டு, ஏர் எடுக்கிற வேலை குறையும் என்பதற்காக. அப்படி ஊற்றுவதாக இருந்தால் ஓரத்தில் வட்டமாக இருக்கிற சின்ன ஓட்டைகளில் ஊற்ற வேண்டும். நடு ஓட்டையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது என் மண்டையில் விழுந்த குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஏர் எடுப்பதுதான் உண்மையில் அதிகமாகச் சிந்துகிற இடம். பைப்பைக் கழற்றி மாட்டினால் லைனுக்குள் காற்று புகுந்துவிடும், இன்ஜின் பிடிக்காது. ஃபில்டர் தலையில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், அப்புறம் நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் சுத்தமான டீசல் வரும். அப்போது மூட வேண்டும். அந்த நுரை டீசல் எல்லாம் இன்ஜின் மேலேயே வழிந்து படகின் அடிக்குப் போவதுதான் ஊர் வழக்கம். பின்னால் நான் ஒரு வேலை செய்தேன். ஸ்க்ரூ முனையில் பிடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயைச் (கண்ணாடி என்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்தான்) சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டேன். குமிழி நின்றதும் டியூபுக்குள்ளேயே தெரியும். ஒரு சொட்டு வெளியே வராது. எல்லா இன்ஜினிலும் ஸ்க்ரூ இதற்குத் தோதாக இருப்பதில்லை. இல்லாத இடத்தில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

செப்பு வாஷரையும் சொல்லாமல் விட முடியாது. டீசல் பைப் சேருகிற இடத்தில் போல்டுக்கு இரண்டு பக்கமும் செப்பு வாஷர் இருக்கும். ஒருமுறை இறுக்கினால் அது கெட்டியாகிவிடும். திரும்ப அதையே போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஊசி முனை அளவுக் கசிவு, கண்ணுக்குத் தெரியாது, மோப்பம் பிடித்தால் தெரியும். புது வாஷர் சில ரூபாய்தான். கையில் புதுசு இல்லாவிட்டால் மாமா பழைய வாஷரைக் கம்பியில் கோத்து அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுப்பார், செம்பு மறுபடி இளகிவிடும். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடித்து, ஒரு சீசன் முழுக்க ராத்திரியும் பகலும் சொட்டவிட்ட படகுகளை எனக்குத் தெரியும். எங்களுடையது அதில் ஒன்று.

இனி என் கதை. 2009, மே மாசம். தடை முடியப் போகிறது என்று டீசல் ஏற்றிக்கொண்டிருந்தோம். 200 லிட்டர் பேரலை ஜெட்டி மேல் வைத்து, டியூப் போட்டு, படகு டேங்குக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஜெட்டி உயரம், படகு பள்ளம். டீசல் தானாக இறங்கும். என் வேலை டேங்கின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது. அவ்வளவுதான் வேலை. நான் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது டேங்கின் மூச்சுக்குழாய் வழியாக டீசல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்குழாய் படகின் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும், அதனால் சிந்தினது எல்லாம் நேராகத் தண்ணீரில். எவ்வளவு என்று அளக்க முடியவில்லை. பேரலில் மீதி இருந்ததை வைத்து அப்பா முப்பது லிட்டருக்கு மேல் என்றார். மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், ஏழு ஏக்கருக்கு மேல் வருகிறது.

நான் என்ன செய்தேன் என்றால், ஜெட்டியில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கடைக்கு ஓடிப்போய் சோப்புத்தூள் பாக்கெட் நாலைந்து வாங்கிவந்து தண்ணீரில் தூவி, மட்டையால் அடித்தேன். மாயம் மாதிரி வானவில் மறைந்துவிட்டது. அப்பா வருவதற்குள் தண்ணீர் சாதாரணமாகத் தெரிந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு படகு தள்ளி ஒரு பெரியவர், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிங்கி இறாலை உயிரோடு தண்ணீரில் தொங்கவிட்டிருந்தார். வியாபாரி வரும்வரை உயிரோடு இருந்தால்தான் அதற்கு விலை. மறுநாள் காலையில் பாதி செத்திருந்தது. மீதியை வியாபாரி மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். பெரியவர் ஜெட்டியே அதிரக் கத்தினார். சங்கத்தில் பேச்சு நடந்து, அப்பா இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துத் தீர்த்தார். சிந்தின டீசல் காசையும் சேர்த்தால் எங்களுக்கு அது பெரிய அடி.

எனக்கு ரொம்ப நாளாகப் புரியாமல் இருந்தது, வானவில்தான் மறைந்துவிட்டதே, இறால் எப்படிச் செத்தது என்பது. மறைந்ததால்தான் செத்தது. மேலே மிதக்கிற டீசலில் ஒரு பங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் ஆவியாகப் போய்விடும். சோப்பு அதை ஆவியாக விடுவதில்லை. பொடிப்பொடித் துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிடுகிறது, செவுள் இருக்கிற ஆழத்துக்கு. போதாததற்கு சோப்பே செவுளுக்கு ஆகாது. நான் தூவாமல் சும்மா நின்றிருந்தால்கூட அந்தப் பெட்டியில் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும். பாத்திரம் கழுவுகிற லிக்விட், ஷாம்பு, எதுவானாலும் இதே கதைதான். அமெரிக்காவில் இப்படிச் சோப்பு ஊற்றினால் தனியாக அதற்கே அபராதம் உண்டு.

டேங்க் நிரப்புவதில் இன்னொரு விஷயம் உண்டு. டீசல் சூட்டுக்கு விரியும். 500 லிட்டர் டேங்கை விடிகாலைக் குளிர்ச்சியில் கழுத்துவரை நிரப்பிவிட்டு, மே மாத வெயிலில் பத்து டிகிரி ஏறவிட்டால் நாலு லிட்டர் கூடும். அந்த நாலு லிட்டர் போக வேறு வழி இல்லை, மூச்சுக்குழாய்தான். நிறைகுடம் தளும்பாது என்பதெல்லாம் தண்ணீருக்கு. டீசல் டேங்கில் ஒரு சாண் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நிரம்புவதைக் காதாலும் கண்டுபிடிக்கலாம். குழாயடியில் குடம் நிரம்பும்போது சத்தம் மெல்ல மெல்லக் கீச்சிடுமே, அதே சத்தம் டேங்கிலும் வரும். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடாமல் இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்பவன் டீக்கடையில் இல்லாமல் இருக்க வேண்டும்.

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளியதை நாடே டிவியில் பார்த்தது. ஜெட்டியோரத்துக் கடையில் உட்கார்ந்து நாங்களும் பார்த்தோம். "பாவிப் பயலுக, கடலை என்ன பண்ணி வச்சிருக்கானுக" என்றார் ஒருவர். அவர் படகின் பம்பு அப்போது அடித்தண்ணீரை வெளியே துப்பிக்கொண்டிருந்தது. வானவில் கலரில். யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் உறைக்கவும் இல்லை. எனக்கே வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அன்று நான் கவனித்தது அந்த வாளிகளைத்தான். கப்பல் எண்ணெய் கெட்டிக் குழம்பு, குறைந்தபட்சம் அள்ளவாவது முடிந்தது. டீசலை எந்த வாளியிலும் அள்ள முடியாது. தண்ணீரில் விழுந்த அடுத்த நிமிஷம் அது முடி இழையைவிட மெல்லிசாகப் பரவிவிடும். வாளியில் வருவது வெறும் கடல்தண்ணீர். அதனால் படகுக்குள் இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு.

படகுக்குள் என்றால், அடித்தண்ணீர். மரப்படகில் தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும், தடைக்காலத்திலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது போய் இறைக்க வேண்டும். ஃபில்டரில் சொட்டியது, வாஷரில் கசிந்தது, ஏர் எடுத்தபோது வழிந்தது, எல்லாம் அந்தத் தண்ணீர் மேல் போய் உட்கார்ந்திருக்கும். பம்பைப் போட்டால் மொத்தமும் கடலுக்கு. 400 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் இதைப் பிரிக்கிற இயந்திரம் இருந்தாக வேண்டும். வெளியேற்றுகிற தண்ணீரில் பத்து லட்சம் பங்குக்குப் பதினைந்து பங்கு எண்ணெய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சட்டம். எங்கள் படகுகள் அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் பிரிக்கிற வேலையை எண்ணெயே பாதி செய்து வைத்திருக்கிறது, மேலே மிதந்துகொண்டு. பம்பின் உறிஞ்சு குழாயை அடிமட்டத்தில் வைத்து, அவசரப்படாமல் இறைத்து, ஒரு கையளவு தண்ணீர் மிச்சம் இருக்கும்போது நிறுத்திவிட்டால், மேலே இருக்கிற எண்ணெய் படகிலேயே தங்கிவிடும். படகு அசையாத நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். ஆட்டத்தில் எல்லாம் கலந்துவிடும்.

மிச்சம் நின்ற எண்ணெயை என்ன செய்வது? தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் குடிக்கிற வெள்ளைப் பஞ்சு விரிப்புகள் துறைமுகங்களில் உண்டு. எங்கள் ஊர்க் கடையில் கிடையாது. பனியன் வேஸ்ட் எண்ணெயோடு தண்ணீரையும் குடித்துவிடுகிறது. தென்னைநார்த் தூளும் அப்படியே.

இலவம் பஞ்சு அப்படி இல்லை. அதன் இழை உள்ளே வெறும் குழல், மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். ஒரு காலத்தில் கப்பல்களின் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு எண்ணெயைக் குடிக்கும். போடிப் பக்கம் போனால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிற சரக்கு. நான் முதலில் வாளியில் சோதித்தேன். தண்ணீர், அதன் மேல் ஒரு கிளாஸ் டீசல், அதன் மேல் ஒரு கைப்பிடி பஞ்சு. பஞ்சு மிதந்துகொண்டே கறுத்தது, தண்ணீரில் மினுமினுப்பு குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் வெங்காயம் வருகிற வலைப்பையில் பஞ்சை அடைத்து, கயிறு கட்டி, படகின் அடியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பிழிந்தால் கேனில் டீசல். இலவு காத்த கிளிக்குக் கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அடித்தண்ணீரில் சோப்பு கலந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. சோப்பு அந்த மெழுகின் பிடியை விட வைத்துவிடும், பஞ்சு தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும்.

ஃபைபர் படகுக்காரர்களுக்கு வேலை சுலபம். டேங்கைக் கையோடு தூக்கிக் கரைக்குக் கொண்டுபோய் நிரப்பலாம். ஆனால் பெட்ரோல் என்றால் ஆவி காற்றைவிடக் கனம், படகின் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே பீடி பற்றவைக்கிறவர் கடலைப் பற்றி யோசிக்கிற நிலையில் இருக்க மாட்டார்.

பழைய இன்ஜின் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. படகில் இன்ஜினுக்கு அடியில் கை நுழையாது, வடிக்கிற போல்டைத் திறந்தால் பாதி படகுக்குள்தான் போகும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற கம்பியின் ஓட்டை வழியாகக் கைப் பம்பால் உறிஞ்சிக் கேனுக்கு எடுப்பதுதான் சரி. அதை மறுசுழற்சிக்கு அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ன் விதிகள் சொல்கின்றன. நடப்பது என்னவென்றால் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போவார்கள், இல்லையென்றால் படகுப் பலகையிலேயே பூசிவிடுவார்கள். தாத்தா காலத்தில் பூசவில்லையா என்று கேட்கிறவர்களுடன் நான் சண்டை போட்டிருக்கிறேன். தாத்தா பூசியது சுறா எண்ணெய். அது கடலிலிருந்து வந்து கடலுக்கே போனது.

அப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. படகு சித்தப்பா மகன் கையில் இருக்கிறது. போன தடைக்காலத்தில் அவனோடு மூன்று நாள் இன்ஜின் ரூமில் இருந்தேன். அறுத்த கேன் இருக்கிறது, கேரி பை இருக்கிறது, டியூபும் பாட்டிலும் இருக்கிறது. டீசல் ஏற்றும்போது "அண்ணே, நீங்க டீக்கு வேணா போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்தக் கதை அவனுக்கும் தெரியும், வேண்டுமென்றே சொன்னான். இலவம் பஞ்சுப் பை மட்டும் போதவில்லை. வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து இரண்டு பழைய தலையணையை எடுத்து வந்தேன்.

இந்த வருஷம் ஏப்ரல் 14 ராத்திரி அம்மா தலையணைகளை எண்ணி பீரோவில் வைத்துப் பூட்டியதாகத் தம்பி போன் பண்ணிச் சொன்னான்.